மறு: 'கேலன்ட்ரி'க்குத் தமிழ் - வீரதீரம்? களமறம்? பேராண்மை?

குழுவினருக்கு வணக்கம். வீரத்துக்காக அரசு கொடுக்கும் 'கேலன்ட்ரி' (gallantry) விருதுகளை ஒரு கையேட்டில் தமிழில் எப்படி எழுதுவது என்ற பேச்சில் வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> 'களமறம்' என்று வைக்கலாம். சுருக்கமும் இருக்கிறது, சங்க வாடையும் அடிக்கிறது.

ஐயா, சொல் கம்பீரம்தான். ஆனால் 'களம்' என்று போட்டதுமே பாதி விருதுகள் வெளியே போய்விடும். பரம்வீர், மகாவீர், வீர் சக்ரா மூன்றுதான் எதிரியின் முன்னிலையில் காட்டிய வீரத்துக்கு. அசோக, கீர்த்தி, சௌரிய சக்ராக்கள் அப்படி அல்லாத இடத்தில் காட்டிய வீரத்துக்கு. 2014 ஏப்ரலில் காஷ்மீரின் ஷோபியானில் தீவிரவாதிகளோடு மோதி உயிர்விட்ட மேஜர் முகுந்த் வரதராஜனுக்குக் கிடைத்தது அசோக சக்ராதான். கராச்சியில் 1986இல் விமானக் கடத்தலின்போது பயணிகளைக் காப்பாற்றப் போய் இறந்த நீரஜா பனோட் பெற்றதும் அதுவே. அவர் விமானப் பணிப்பெண். எந்தக் களத்துக்கும் போனவர் அல்ல.

'மறம்' பழந்தமிழில் வீரம்தான், ஆனால் அது இன்னொரு சங்கடம். 'மறச்செயல்' என்றால் இன்றைய வாசகர் பாவச்செயல் என்றுதான் படிப்பார்.

> 'பேராண்மை என்ப தறுகண்' என்று வள்ளுவரே சொல்லிவிட்டார். பிறகென்ன?

ஆண்மை என்பது ஆளும் தன்மை என்ற விளக்கம் தெரியும். இருந்தாலும் இங்கே தில்லியில் நாடாளுமன்றத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்குக் கமலேஷ் குமாரி ஞாபகம்தான் வரும். 2001 டிசம்பர் 13 அன்று வாசலில் காவலுக்கு நின்ற மத்திய ரிசர்வ் போலீஸ் படை (சிஆர்பிஎஃப்) காவலர். கையில் ஆயுதம் இல்லை. வந்தவர்கள் தீவிரவாதிகள் என்று தெரிந்ததும் குரல் கொடுத்து மற்றவர்களை உஷார்ப்படுத்தினார், சுட்டுக் கொன்றார்கள். அவருக்கும் அசோக சக்ரா உண்டு. அதைப் 'பேராண்மை விருது' என்று அச்சடிக்க எனக்குக் கை வரவில்லை. (அஞ்சாமை என்று பொருள்படும் தறுகண்ணைத் தனியாகப் போட்டால் பள்ளிப் பிள்ளைகள் தறுதலை என்று படித்துவிட்டுச் சிரிப்பார்கள்.)

ஆங்கிலச் சொல்லும் அவ்வளவு யோக்கியம் இல்லை. பழைய பிரெஞ்சில் கேளிக்கை, கொண்டாட்டம் பக்கம் பிறந்து, ஆங்கிலத்தில் மினுக்காக உடுத்தியவனைக் குறித்து, அப்புறம்தான் வீரனிடம் வந்தது. பெண்களிடம் குழைந்து மரியாதை காட்டும் கனவான் தோரணைக்கும் அதே பெயர். அகராதியில் இதற்குத் தனிப் பதிவு போட்டுவிடலாம். விருதுச் சொல்லோடு சேர்க்க வேண்டாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஊரிலிருந்து வரும் மாணவர்களுக்காக, இந்தியா கேட் பக்கத்தில் 2019இல் திறந்த தேசியப் போர் நினைவகத்தைப் பற்றி ஒரு தமிழ்க் கையேடு தயாரிக்கிறோம். பரம்வீர் சக்ரா பெற்ற 21 பேரின் மார்பளவுச் சிலைகள் அங்கே இருக்கின்றன. அந்த விருதின் விதியில் ஒரே வாக்கியத்தில் பிரேவரி (bravery), டேரிங் (daring), வேலர் (valour), தன்னுயிர்த் தியாகம் எல்லாம் வரிசையாக வருகின்றன. மகாவீர் சக்ராவுக்கு வந்தால் சொல் கேலன்ட்ரி ஆகிவிடுகிறது. எல்லாவற்றுக்கும் 'வீரம்' என்றே எழுதினால் வாக்கியம் கீறல் விழுந்த ரிக்கார்டாகிவிடும். ஆக ஒரு சொல் போதாது. ஒன்றோடொன்று மோதாத ஒரு தொகுதி தேவை.

இந்தியைப் பார்த்துக் கொள்ளலாமே என்று தில்லி நண்பர்கள் சொல்கிறார்கள். அங்கே வீர்தாவும் சௌரியவும் ஆளுக்கொரு வேலையைப் பார்க்கின்றன. நம் வீடுகளில் 'சௌரியமா இருக்கீங்களா' என்றால் அது சௌகரியம். சௌரிய விருது என்றால் ஏசி பெட்டியில் கீழ்ப்படுக்கை கிடைத்தது போலிருக்கும்.

என் வாக்கு 'வீரச்செயல்' என்பதற்கு. தமிழக அரசு குடியரசு நாளில் கொடுக்கும் அண்ணா பதக்கம் 'வீரதீரச் செயலுக்கான' பதக்கம். வீரதீரம் என்று மட்டும் நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. விருது கொடுப்பது மனத்தில் இருக்கும் துணிவுக்கு அல்ல, ஒரு நாள் ஓர் இடத்தில் செய்து காட்டியதற்கு என்று எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. தீரம் வெறும் எதுகைத் துணை, அதைக் கழற்றினால் வீரச்செயல் விருது, வீரச்செயல் பதக்கம் என்று தலைப்புக்கும் அடங்கும். 'வீரவினை' என்று திருத்திய அம்மா மன்னிக்க: எனக்குச் செய்வினை, பில்லிசூனியம் எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது.

பிரேவரி வீரமாகவே இருக்கட்டும். கரேஜுக்குத் (courage) துணிவு, கல்பனா சாவ்லா விருதில் தமிழக அரசே 'துணிவு மற்றும் சாகசச் செயல்' என்றுதான் எழுதுகிறது. அந்தச் சாகசத்தை டேரிங்குக்கு எடுக்க எனக்கு மனமில்லை, சர்க்கஸ் ஞாபகம் வருகிறது. துணிச்சல் போதும்.

மிச்சம் இருப்பது வேலர். வலிமை, வெற்றி என்று பொருள்படும் பழஞ்சொல் 'விறல்' அழகு, ஆனால் அடிக்குறிப்பு கேட்கும். 'பெருவீரம்' புரியும், ஆனால் விதியில் அதற்கு முன்னால் 'தலைசிறந்த' என்ற அடை வேறு நிற்கிறது. இரண்டும் சேர்ந்தால் பாரம். வேறு சொல் தோன்றினால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். திங்களன்று பக்கங்கள் அச்சுக்குப் போகின்றன. எதுவும் வராவிட்டால் விறல் என்றே போட்டு, கீழே ஒரு வரி விளக்கம் கொடுத்துவிடுகிறேன்.