கோயிலுக்குப் போகாத வீட்டில் அம்மன் பெயர்

ஈரோட்டிலிருந்து ஒரு தந்தை

நானும் என் மனைவியும் கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள். கொங்கு வழக்கப்படி சடங்கு நடத்தும் அருமைக்காரரோ புரோகிதரோ இல்லாமல், இரு வீட்டுப் பெரியவர்கள் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டு நடந்த சுயமரியாதைத் திருமணம் எங்களுடையது. 1967ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் அத்தகைய திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு அளித்திருக்கிறது. அப்படிப்பட்ட நாங்கள் மகளுக்குப் பவானி என்று பெயர் வைத்தபோது உறவினர்களும் தோழர்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

என் மனைவி கோபிசெட்டிபாளையத்துக்கு அருகே கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் வளர்ந்தவள். 1955இல் கட்டி முடிக்கப்பட்ட பவானிசாகர் அணையிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் ஓடும் அந்த வாய்க்காலை நம்பி இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் நிலம் இருக்கிறது. அவற்றில் என் மாமனாரின் மஞ்சள் காடும் ஒன்று. காய்ந்து கிடக்கும் கிளை வாய்க்காலில் முதல் தண்ணீர் வரும்போது அது தெளிந்து வருவதில்லை. சருகையும் குச்சியையும் நுரையையும் உருட்டிக்கொண்டு, நாம் நடக்கிற வேகத்துக்கே வரும். பிள்ளைகள் அதற்கு முன்னால் வாய்க்காலுக்குள்ளேயே பின்னோக்கி நடந்து வருவார்கள். கால் நனைந்தவன் தோற்றவன். அந்த விளையாட்டை எனக்குச் சொல்லிக் காட்டிய கரையில்தான் அவள் இந்தப் பெயரையும் சொன்னாள். அவளுக்குப் பவானி என்பது அந்தத் தண்ணீர்.

ஆனால் கேட்பவர்களுக்கு அது அம்மன் பெயர். பெயர் வைத்த அன்று அவளுடைய பெரியம்மா, "ஏனுங் மாப்ள, கும்பிடறதே இல்லைங்கறீங்க, அப்பறம் அம்மன் பேரு எதுக்குங்க?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே புரியாமல் கேட்டார். என் தாயாரோ ஜோசியரிடம் போய்வந்து, குழந்தையின் நட்சத்திரமான அசுவினிக்கு உரிய 'சு, சே, சோ, ல' என்ற எழுத்துகளைச் சீட்டில் எழுதி வாங்கி வைத்திருந்தார். அதில் தொடங்கும் பெயராக இல்லையே என்ற வருத்தமும், அம்மன் பெயராகவாவது இருக்கிறதே என்ற ஆறுதலும் அவருக்கு ஒரே நேரத்தில் இருந்தன. நான் ஆற்றின் பெயர் என்று விளக்கினேன். அவர் நம்புவதை மாற்றிக்கொள்ளவில்லை; மாற்ற வேண்டிய தேவை இருப்பதாக எனக்கும் தோன்றவில்லை.

கடினமாக இருந்தது தோழர்களின் கேள்விதான். என் தந்தையின் வயதுடைய ஒருவர், யாழினி, கயல்விழி, நிலா என்று எத்தனையோ நல்ல தமிழ்ப் பெயர்கள் இருக்க இது ஏன் என்று வீட்டுக்கே வந்து கேட்டார். நான் பெரியாரையே எடுத்துச் சொன்னேன். 1879இல் இதே ஈரோட்டில் பிறந்த அவர் கடைசி வரை ராமசாமியாகவே இருந்தார். அவர் தம் பெயரிலிருந்து அறுத்தெறிந்தது சாதிப் பட்டத்தை. 1929ஆம் ஆண்டுச் செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாடும் சாதிப் பட்டத்தை விடவேண்டும் என்றுதான் தீர்மானம் போட்டது. வந்திருந்த தோழர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ராமசாமி அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் தம்பி. பவானி நீங்கள் தேர்ந்தெடுத்த பெயர்" என்றார்.

அது எளிதில் தள்ளிவிடக்கூடிய பதில் அல்ல. நாராயணசாமி நெடுஞ்செழியனாகவும் ராமையா அன்பழகனாகவும் மாறிய தலைமுறையைப் பார்த்து வளர்ந்தவர் அவர். இருந்தும் என் முடிவு மாறவில்லை. சாதிப் பட்டம் ஒருவரை மேலே வைத்து இன்னொருவரைக் கீழே தள்ளுகிறது. ஆற்றுக்கும் மலைக்கும் ஊருக்கும் உரிய பெயர் அப்படி எதுவும் செய்வதில்லை. கொங்கு நாட்டில் சாமி பெயர்களை விலக்கிவிட்டால் சென்னிமலையும் சிவன்மலையும் மருதமலையும் போய்விடும். மருதாசலம், சென்னியப்பன், அவிநாசியப்பன், அர்த்தநாரி என்று நம் பாட்டன்மார் வைத்திருந்த பெயர்களில் பாதி போய்விடும். நம்பிக்கையில்லாதவர்களுக்கும் அந்த மலைகளிலும் ஆறுகளிலும் பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

இதே யோசனையில் இருக்கும் பெற்றோருக்கு ஒரு தகவல்: பிறப்பை 21 நாள்களுக்குள் பதிவு செய்யவேண்டும், ஆனால் பெயரை அப்போதே கொடுத்தாக வேண்டும் என்பதில்லை. பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதங்கள் வரை கட்டணமில்லாமல் சேர்க்கலாம். எங்கள் வீட்டு விவாதம் முடிய அந்த அவகாசம் மிகவும் உதவியது.

பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஒருவர்

எங்கள் வீட்டில் விவாதம் எதுவும் நடக்கவில்லை. மகன் பிறப்பதற்குச் சற்று முன்பு என் அப்பா காலமானார். அவர் பெயரான பழனிச்சாமியைப் பேரனுக்கு வைத்தோம். நான் பழனி மலையேறியதில்லை, காவடி எடுத்ததில்லை. அவர் எடுத்தார், ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் நடந்தே போனார், என்னை ஒருநாளும் கட்டாயப்படுத்தியதில்லை. அந்தப் பெருந்தன்மைக்கு நான் செய்யக்கூடிய மரியாதை அவர் பெயரைத் தொடரவிடுவதுதான் என்று பட்டது. அலுவலகத்தில் சிலர் "இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெயரா" என்றார்கள். அவர்களுக்குச் சிக்கல் பக்தி அல்ல, பழமை.

என் அம்மா கணவர் பெயரைச் சொல்லமாட்டார் என்பதால் பேரனைச் "சாமி" என்றே கூப்பிடுகிறார். இந்தப் பக்கத்தில் எல்லாப் பிள்ளைகளையும் "வா சாமி, சாப்பிடு சாமி" என்றுதான் கூப்பிடுவோம் என்பதால் வெளியார் யாருக்கும் அது வித்தியாசமாகத் தெரிவதில்லை.

திருப்பூரிலிருந்து ஒரு தாய்

மேலே எழுதிய இருவரின் அனுபவத்தையும் மகிழ்ச்சியோடு படித்தேன். ஆனால் எல்லா மதப் பெயர்களையும் ஊர் ஒரே மாதிரி வாங்கிக்கொள்வதில்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். நான் பிறந்தது முஸ்லிம் குடும்பம், என் கணவர் பிறந்தது இந்துக் குடும்பம். 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ், முப்பது நாள் அறிவிப்புக் கொடுத்துப் பதிவு செய்துகொண்டோம். இருவருக்கும் வழிபாடு கிடையாது. மகனுக்குக் கபீர் என்று பெயர் வைத்தோம். இரு மதத்தாரின் வெற்றுச் சடங்குகளையும் நேருக்கு நேர் கேள்வி கேட்ட காசி நெசவாளர் அவர். துணியை நம்பிப் பிழைக்கும் எங்களுக்கு நெசவாளி ஒருவரின் பெயர் கூடுதல் நெருக்கமாக இருந்தது. என் அத்தாவுக்கோ அது இறைவனின் திருநாமங்களுள் ஒன்று. அவர் மகிழ்ந்ததில் எங்களுக்கும் மகிழ்ச்சியே.

வாடகைக்கு வீடு தேடியபோது ஒரு வீட்டில் எல்லாம் பேசி முடித்து, முன்பணம் எவ்வளவு, போர்வெல் தண்ணீர் எத்தனை மணிக்கு என்பது வரை சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கார அம்மா குழந்தையைக் கொஞ்சிக்கொண்டே "பேரென்ன கண்ணு?" என்று கேட்டார். பெயரைக் கேட்டதும் மகனின் கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டார். மறுநாள் சொந்தக்காரர்கள் குடிவருவதாகத் தொலைபேசியில் செய்தி வந்தது. என் கணவர் பெயரில் பேசும் வரை நாங்கள் அவர்களுக்கு நல்ல குடித்தனக்காரர்கள். எதையும் கும்பிடாத எங்களை ஒரு குழந்தையின் பெயரை வைத்து ஒரு மதத்துக்குள் தள்ளிவிட்டார்கள் என்ற வேதனை எனக்கு இன்றும் ஆறவில்லை. அதற்காகப் பெயரை மாற்றலாமா என்று உறவினர் ஒருவர் கேட்டார். தவறு யாருடையதோ அவர்கள்தாம் மாறவேண்டும் என்று என் கணவர் சொல்லிவிட்டார். என் எண்ணமும் அதுவே.

பள்ளியில் சேர்க்கும்போது விண்ணப்பத்தில் மதம் என்ற இடத்தை நாங்கள் வெறுமையாக விட்டிருந்தோம். எழுத்தர் பெயரைப் பார்த்துத் தாமாகவே நிரப்பப் போனார். சாதி, மதம் குறிப்பிட விரும்பாத பெற்றோர் அந்த இடத்தை விட்டுவிடலாம் என்று தமிழ்நாடு அரசு 1973ஆம் ஆண்டிலேயே ஆணை பிறப்பித்திருக்கிறது. அதன் நகலைக் கையோடு கொண்டு போயிருந்தோம். தலைமையாசிரியர் படித்துப் பார்த்துவிட்டு, மறுபேச்சில்லாமல் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுக் கையெழுத்திட்டார்.

இப்போது இரண்டாவது குழந்தையை எதிர்பார்த்திருக்கிறோம். பெண்ணாக இருந்தால் அவிநாசியில் பிறந்து வளர்ந்த தம் தாயாரின் பெயரான கருணாம்பிகையை வைக்கலாமா என்று என் மாமியார் தயங்கித் தயங்கிக் கேட்டார். ஒரே வீட்டில் கபீரும் கருணாம்பிகையும் வளர்வதில் எங்களுக்கு முழுச் சம்மதம்; பையனாக இருந்தால் என்ன பெயர் என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.