இரண்டாவது சப்வூஃபர் வைத்ததும் பேஸ் குறைந்துவிட்டது: ரிசீவரை மாற்றத்தான் வேண்டுமா?

அலஸ்தோட்டம்:
வணக்கம். எங்கள் முன் அறை 16 அடிக்கு 12 அடி. ரைல்ஸ் தரை, சிமெந்துச் சுவர். ரீவிக்கு நேரே, சரியாக நடு அறையில் செற்றி. ஐந்து ஸ்பீக்கரையும் ஒரு சப்பையும் ஓட்டும் பழைய 5.1 ரிசீவரும், ரீவிக்குக் கீழே ஒரு 10 அங்குல சப்வூஃபரும் (அடித்தொனியான பேஸுக்கு மட்டுமான ஸ்பீக்கர்) இவ்வளவு நாளும் ஓடின. போன மாதம் கொழும்புக்கு வீடு மாறிய மச்சான் தன்னுடைய சப்பையும் தந்துவிட்டுப் போனார். இரண்டும் ஒரே மொடல். அதைச் செற்றிக்குப் பின்னால், பின்சுவரின் நடுவில் வைத்து, ரிசீவரில் இருக்கும் ஒரேயொரு சப் அவுட்டில், ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் வை வயர் போட்டு இரண்டையும் கொழுவினேன்.

வீடே அதிரும் என்று பார்த்தால், செற்றியில் இருந்த பேஸும் போய்விட்டது. ஆனால் பின்சுவர் மூலையில் உள்ள குசினி வாசலில் நின்றால் சட்டி மூடிகள் கிடுகிடுக்கின்றன. அம்மா ஏசுகிறா. போதாததற்கு, படம் ஓடாத நேரத்திலும் "உம்ம்" என்று ஒரு இரைச்சல்.

ரிசீவர் பழசு என்பதால்தான் இது என்று நினைக்கிறேன். சீட்டுக்காசு கையில் இருக்கிறது. கனடாவில் இருக்கும் சித்தப்பா ஓகஸ்டில் வருகிறார், அங்கே மலிவாம். எதை வாங்கலாம்?

வயர்மேன்:
கனடா ரிசீவர் வேண்டாம் தம்பி. அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230, 50. நான் அப்படி ஒன்றை ஸ்டெப்டவுன் ட்ரான்ஸ்போமரில் ஓட்டினேன். ஒரு நாள் வீட்டுக்கு வந்த மருமகன் உதவி செய்கிறேன் என்று நேரே சுவர் பிளக்கில் கொழுவினான். மணம் மட்டும் இரண்டு நாள் நின்றது. எதை வாங்கினாலும் பின்பக்க லேபலில் 230 என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

ஓர்ஸ்ஹில்:
ரிசீவரை ஒரு பக்கம் வையுங்கள். டோர்ச் ஒன்றை எடுத்துக்கொண்டு மச்சான் தந்த சப்பின் பின்பக்கம் போங்கள். 0 / 180 என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். 180இல் இருக்கிறது என்று பந்தயம் கட்டுவேன்.

ஏன் என்றால், நீங்கள் இரண்டு சப்புக்கும் சரி நடுவில் இருக்கிறீர்கள். ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுத்தால், இரண்டும் ஒரே நேரத்தில் உங்கள் காதுக்கு வந்து ஒன்றையொன்று அழித்துவிடும். குசினி வாசல் கதையும் இதிலேயே வருகிறது. 16 அடி என்றால் 4.9 மீற்றர். ஒலி செக்கனுக்கு 343 மீற்றர் போகிறது. அலையின் பாதி நீளம் உங்கள் அறைக்குள் அப்படியே அடங்குவது 35 ஹெர்ட்ஸில். அந்த 35க்கு அறையின் நடு செத்த இடம், முன்சுவரும் பின்சுவரும் உச்சம். எதிரும் புதிருமாக ஓடும் இரண்டு சப்பும் அதைத்தான் ஊதிப் பெருக்குகின்றன.

இரண்டும் சேர்ந்து தள்ளினால் கதை மாறும். எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் சப் வைத்தால் அந்த 35ஐ ஒன்று கிளப்ப மற்றது அமத்தும். ஆகவே தெரியாமலே நல்ல இடத்தில்தான் வைத்திருக்கிறீர்கள். செற்றியை அசைக்க வேண்டாம்.

அப்புறம், இரண்டு சப்பிலும் குரொஸ்ஓவர் குமிழை (எந்த ஹெர்ட்ஸுக்கு மேல் சப் பாடக் கூடாது என்று வெட்டுவது) ஆகக் கூடிய ஹெர்ட்ஸ் வரைக்கும் திருப்பிவிட்டு, அந்த வேலையை ரிசீவரிடம் விடுங்கள். இல்லாவிட்டால் ஒரே சத்தத்தை இரண்டு பேர் வெட்டுவார்கள். ரிசீவரில் எல்லா ஸ்பீக்கரையும் "ஸ்மோல்" ஆக்கி 80 ஹெர்ட்ஸ் கொடுங்கள், அதற்குக் கீழே உள்ள பேஸ் சப்புக்குப் போகும். முன் ஸ்பீக்கர் ஆளுயரம் இருந்தாலும் ஸ்மோல்தான், மானப் பிரச்சினை ஒன்றும் இல்லை. இரண்டு சப்பின் சத்தத்தையும் தனித்தனியே சமப்படுத்திய பிறகு, ரிசீவரின் மைக்கைச் செற்றியில் வைத்து அதை அளக்க விடுங்கள். அளந்து முடிய, சப் 8 அடியில் இருந்தாலும் ரிசீவர் 12 அடி, 14 அடி என்று காட்டலாம். அதைத் திருத்தப் போகாதீர்கள். சப்புக்குள் இருக்கும் எலக்ட்ரொனிக்ஸால் வரும் தாமதத்தையும் அது தூரமாகத்தான் எழுதும்.

அலஸ்தோட்டம்:
அண்ணை, 180இல்தான் இருந்தது! மச்சான் தன் வீட்டில் எதற்கோ மாற்றியிருக்கிறார். சுவிட்ச் கறள் பிடித்து இறுகிப்போயிருந்தது, பல்லுக்குத்தும் குச்சியால் தள்ளித்தான் நகர்ந்தது. இப்போது செற்றியில் இருந்தால் நெஞ்சில் தெரிகிறது. சத்தம் கூடிப்போய் இரண்டையும் குறைக்க வேண்டியதாயிற்று. "உம்ம்" மட்டும் அப்படியே.

வயர்மேன்:
கூரையில் டிஷ் இருக்கிறதா? அதன் வயரை டிஷ் பெட்டியிலிருந்து கழற்றிவிட்டுக் கேளுங்கள்.

அலஸ்தோட்டம்:
கழற்றினேன், நின்றுவிட்டது. திரும்பக் கொழுவ, திரும்ப வருகிறது.

வயர்மேன்:
கிரவுண்ட் லூப். டிஷ் வயர் ஒரு வழியாலும் பிளக்கின் ஏர்த் இன்னொரு வழியாலும் நிலத்துக்குப் போகின்றன. இரண்டுக்கும் இடையில் ஓடும் கரண்டுதான் 50 ஹெர்ட்ஸாகச் சப்பில் கேட்கிறது. டிஷ் வயருக்குப் போடும் ஐசொலேற்றர் (அந்த நிலத்து வழியைத் துண்டிக்கும் சின்ன இணைப்பு) ஒன்று வாங்குங்கள், பெட்டியிலிருந்து டிஷ்ஷுக்குப் போகும் கரண்ட் தடைப்படாத வகையாகப் பார்த்து. பிளக்கில் ஏர்த் ஊசியை மட்டும் கழற்றிவிடாதீர்கள். அப்படிச் செய்யச் சொல்லுகிறவர்கள் ஊரில் நிறைய. மாரிக்கு முன் இடி தொடங்கினால் பிளக்கோடு டிஷ் வயரையும் சேர்த்துக் கழற்ற வேண்டும். கடலுக்குக் கிட்ட என்றால் சப் வயரின் ஆர்சிஏ முனைகளில் பச்சைக் களிம்பும் படியும். இடைக்கிடை கழற்றித் துடைத்துவிடுங்கள்.

அலஸ்தோட்டம்:
அப்போ ரிசீவர்?

ஓர்ஸ்ஹில்:
சத்தத்துக்காக மாற்றத் தேவையில்லை. ரீவி ஈஏஆர்சி (ரீவியின் சத்தத்தை எச்டிஎம்ஐ வயரில் ரிசீவருக்கு அனுப்பும் வழி) உள்ளது, அதிலிருந்து சுருக்காத அட்மொஸ் (தலைக்கு மேலிருந்தும் வரும் சத்தம்) வேண்டும் என்றால் மாற்றலாம். அப்போதும் ".2", அதாவது இரண்டு சப் அவுட், என்று ரிசீவர் வரும் பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். பல ரிசீவர்களில் உள்ளே ஒரே சிக்னல்தான், துளை மட்டும் இரண்டு. உங்கள் வை வயர் செய்வதும் அதைத்தான். டெனன் எக்ஸ்3800எச் போன்றவை நான்கு சப்பைத் தனித்தனித் தாமதத்தோடு ஓட்டும். ஆனால் உங்கள் இரண்டு சப்பும் உங்களுக்குச் சம தூரத்தில் இருக்கும்போது அந்தக் காசு வீண். நாளைக்குச் செற்றி பின்சுவருக்குப் போகுமானால் கேளுங்கள், அப்போது வேறு பதில் சொல்வேன்.

வொட்ஸ் கணக்கிலும் கவனம். 150 வொட்ஸ் என்று பெரிதாகப் போட்டிருக்கும். சின்ன எழுத்தில் ஒரு சானல், 6 ஓம், 10 வீதச் சிதைவு என்று இருக்கும். 8 ஓமில் இரண்டு சானல் சேர்ந்து ஓடும்போது எவ்வளவு என்ற வரியைத் தேடுங்கள். இருக்கிற ரிசீவருக்கு மேலே லேஸ் துணி விரித்திருந்தால் எடுத்துவிடுங்கள், கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் அது வெந்துபோகும்.

அலஸ்தோட்டம்:
லேஸ் துணி இருந்தது. எடுத்தாயிற்று. சித்தப்பாவை என்னதான் கொண்டுவரச் சொல்ல?

ஓர்ஸ்ஹில்:
யூமிக்-1 என்ற, சத்தத்தை அளக்கும் மைக் ஒன்று. யுஎஸ்பி என்பதால் வோல்டேஜ் கவலை இல்லை. அதோடு அளக்க உதவும் ஆர்ஈடபிள்யூ மென்பொருள் இலவசம். 20 முதல் 120 ஹெர்ட்ஸ் வரைக்கும் அளந்து படத்தை இங்கே போடுங்கள். பள்ளம் எங்கேயாவது தெரிந்தால் ஈகியூவால் (குறிப்பிட்ட ஹெர்ட்ஸை மட்டும் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) நிரப்பப் பார்க்காதீர்கள். 6 டெசிபல் கூட்டுவதற்கு நான்கு மடங்கு பவர் வேண்டும், பள்ளம் அப்படியேதான் கிடக்கும். முதலில் சப்பை ஒரு அடி நகர்த்திப் பார்ப்போம்.