லெப்டின் ஆன்டிபாடி போட்டும் ஸ்டாட்3 சிக்னல் குறையவில்லை, எங்கே தப்பு?

தர்மபுரி_டிசெல்:
மனித ரத்தத்தில் பிரித்த டி செல்கள் (நோய் எதிர்ப்பு வெள்ளணுக்கள்), மீடியத்தில் 10% கன்றுக்குட்டி சீரம். மி.லி.க்கு 100 நானோகிராம் லெப்டினும் (கொழுப்புத் திசு சுரக்கும், பசியைக் குறைக்கும் ஹார்மோன்) 0.2 மைக்ரோகிராம் லெப்டின் எதிர்ப்பு ஆன்டிபாடியும் ஒன்றாகச் சேர்த்து, 20 நிமிடத்தில் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் முறை) பாஸ்போ ஸ்டாட்3 பார்க்கிறோம்; லெப்டின் செல்லின் ரிசெப்டரில் (ஏற்பி) ஒட்டினால் ஸ்டாட்3 என்ற புரதத்தில் பாஸ்பேட் ஏறும். ஆன்டிபாடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே அளவு. பெங்களூரிலிருந்து பார்சல் வரும்போதே ஐஸ் பேக் உருகியிருந்தது. ஆன்டிபாடி கெட்டுப்போயிருக்குமா?

ஓசூர்_பயோ:
பார்சலைச் சந்தேகிக்கும் முன் கணக்கைப் பாருங்க. லெப்டின் 16 கிலோடால்டன், அதனால 100 நானோகிராம்னா 6.25 நானோமோலார். ஐஜிஜி (வழக்கமான ஆன்டிபாடி வகை) 150 கிலோடால்டன், 0.2 மைக்ரோகிராம்னா 1.3 நானோமோலார்தான். ஒவ்வொன்றுக்கும் லெப்டினைப் பிடிக்க ரெண்டு கைன்னு வெச்சாலும் 2.7. பாதி லெப்டினைக்கூடப் பிடிக்க முடியாது, மிச்சமே ரிசெப்டரை ஓட்டிடும். 5 மைக்ரோகிராம் போட்டா கைகள் லெப்டினைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு ஆகும். 0.5, 1, 2, 5, 10 எனப் படிப்படியா ஏத்திப் பாருங்க.

முதல்ல லெப்டினையும் ஆன்டிபாடியையும் தனிக் குழாயில் 37 டிகிரியில் 30 நிமிடம் வெச்சுட்டு, பிறகு செல்லில் ஊத்துங்க. ஒரே நேரத்தில் போட்டா ரிசெப்டர் முந்திக்கும்.

ஒரு நாள் ஐஸ் இல்லாம வந்தா பெரும்பாலான ஐஜிஜி தாங்கும். மின்வெட்டில் ஃப்ரீசர் உருகி உருகி உறையறதுதான் மோசம், புரதம் திரண்டுடும். வந்தவுடனே சின்னச் சின்னதா பிரிச்சு வெச்சுடுங்க. பாட்டில்ல சோடியம் அசைடு இருந்தா செல்லைக் கொல்லும், டயாலிசிஸ் (சவ்வுப் பையில் வெச்சு அசைடை வெளியேத்தறது) பண்ணாம போடாதீங்க.

கிருஷ்ணகிரி_சைட்டோ:
சீரத்திலேயே மாட்டு லெப்டின் இருக்கு, ஸ்டாட்3-ஐத் தூண்டும் வேறு சைட்டோகைன்களும் (செல்கள் அனுப்பும் சைகைப் புரதங்கள்) உண்டு. 2 முதல் 4 மணி நேரம் சீரம் இல்லாத மீடியத்தில் வையுங்கள். ஓய்வில் உள்ள டி செல்லில் லெப்டின் ரிசெப்டர் குறைவு. சிடி3, சிடி28 (டி செல்லின் மேற்பரப்புப் புரதங்கள்) வழியாகத் தூண்டிய பிறகுதான் ஏறும். ரெகுலேட்டரி டி செல்கள் (எதிர்ப்பை அடக்கும் வகை) தாமே லெப்டின் சுரக்கும் என்பதால், லெப்டின் ஊற்றாமல் ஆன்டிபாடி மட்டும் போட்ட வெல் (தட்டின் குழி) கட்டாயம் வேண்டும்.

அதே அளவு ஐசோடைப் கன்ட்ரோல் (அதே வகை, ஆனால் லெப்டினைப் பிடிக்காத ஆன்டிபாடி) ஒன்று, ஐஎல்-6 (ஸ்டாட்3-ஐத் தூண்டும் வேறொரு சைட்டோகைன்) கொடுத்த வெல் ஒன்று. ஐஎல்-6 சிக்னலும் உங்கள் ஆன்டிபாடியால் குறைந்தால் அது லெப்டின் தடுப்பு இல்லை, ஏதோ நச்சுத்தன்மை. நேரம் முடிந்ததும் செல்லை நிலைநிறுத்த 1.6% ஃபார்மால்டிஹைடு, பிறகு குளிர்ந்த 90% மெத்தனால். இடையில் தாமதித்தால் பாஸ்பேட் கழன்றுவிடும்.

தர்மபுரி_டிசெல்:
கணக்கு புரிந்தது, நன்றி. லெப்டினை விட்டு ரிசெப்டரைத் தடுக்கும் ஆன்டிபாடி வாங்கினால் நல்லதா? அடுத்த சோதனை எலியில்.

ஓசூர்_பயோ:
ரெண்டு கையுள்ள முழு ஐஜிஜி ரெண்டு ரிசெப்டரை இழுத்துச் சேர்த்து, தடுக்கறதுக்குப் பதிலா தூண்டியே விடலாம். ஒரே கையுள்ள ஃபேப் துண்டையும் சேர்த்து ஒப்பிட்டுட்டு வாங்குங்க.

கிருஷ்ணகிரி_சைட்டோ:
எலிக்குப் போகும்போது முதல் பிரச்சினை சாப்பாடு. லெப்டினை அடைத்தால் எலி அதிகம் தின்னும், எடை ஏறும். பிறகு எதிர்ப்பு சக்தி மாறியது லெப்டினாலா, கொழுப்பாலா என்று பிரிக்க முடியாது. ஒரே அளவு தீனி கொடுத்த குழு தேவை. பட்டினி போட்ட எலியில் குன்றிய டி செல் செயல்பாடு லெப்டின் கொடுத்ததும் மீண்டதை 1998-லேயே காட்டிவிட்டார்கள், ஆக தீனி சின்ன விஷயம் இல்லை. வேறு உயிரினத்து ஆன்டிபாடி என்றால் ஒன்றிரண்டு வாரத்தில் எலியே அதற்கு எதிர் ஆன்டிபாடி உருவாக்கும், அதன் பிறகு வரும் டோஸ் வீண்.

எலைசாவில் (ஆன்டிபாடி கொண்டு ரத்தத்தில் அளவு பார்க்கும் சோதனை) லெப்டின் ஏறியிருந்தால் பயப்பட வேண்டாம். ஆன்டிபாடியோடு ஒட்டிய லெப்டின் சிறுநீரகம் வழியாக வெளியேறாமல் ரத்தத்தில் தங்கும். மொத்த அளவு கூடித் தெரியும், ஒட்டாத லெப்டினை மட்டும் தனியாக அளக்கும் முறைதான் தடுப்பைக் காட்டும்.