ஜப்பானில் சைவமாகச் சாப்பிட: முன்கூட்டியே சொல்லுங்கள், மனம் குளிரப் பரிமாறுவார்கள்

டோக்கியோவுக்குப் புதிதாக வந்த நம்மவர்களில் பலர் நிஷிகசாய் பக்கத்து இந்திய உணவகங்களைத் தாண்டுவதே இல்லை. சைவர்களுக்குத் தயக்கம் இன்னும் அதிகம். அதற்குக் காரணமும் உண்டு. மிசோ சூப், உடோன், சோபா நூடுல்ஸ் என்று பார்வைக்குச் சைவமாகத் தெரியும் பலவற்றுக்கும் அடிப்படை, புகையூட்டி உலர்த்திய கட்சுவோ மீனைச் சீவிப் போட்டு இறக்கிய தாஷி என்ற சாறு. "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் அது நீங்காது. பரிமாறுபவருக்கு அது மீனாகவே தோன்றாது.

ஆகவே இடம் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்: "நிகு மோ, சகானா மோ, சகானா நோ தாஷி மோ தபெராரெமாசென்." இறைச்சி, மீன், மீன் சாறு எதையும் சாப்பிட மாட்டோம் என்று அவர்களுக்குப் புரிந்துவிடும். அலுவலக நண்பரிடம் ஜப்பானிய எழுத்தில் எழுதி வாங்கி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. உட்கார்ந்த பிறகு மாற்றச் சொன்னால் பல கடைகளில் பணிவாக மறுத்துவிடுவார்கள். சாறு முன்னதாகவே தயாராகியிருக்கும், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

முன்பே சொன்னால் எப்படிக் கவனிக்கிறார்கள் என்பதை, அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது கியோட்டோவில் பார்த்தேன். நான்சென்ஜி கோயிலைச் சுற்றியுள்ள பகுதி யுதோஃபுவுக்குப் பெயர் பெற்றது. கொம்பு என்ற கடற்பாசி போட்ட வெந்நீரில் தோஃபுவை (சோயா பாலில் செய்யும் பனீர் போன்றது) மண்சட்டியோடு கொதிக்கக் கொதிக்க மேசைக்குக் கொண்டுவருவார்கள். தொட்டுக்கொள்ளும் சாற்றில்தான் பெரும்பாலும் மீன் இருக்கும். பரிமாறிய வயதான பெண்மணி எங்களுக்கென்று கொம்புவும் ஷீதாகே காளானும் போட்டுத் தனியாகச் செய்த சாற்றை வைத்தார். ஒவ்வொரு கிண்ணத்தையும் காட்டி, அதில் என்ன இருக்கிறது என்று நிதானமாகச் சொன்னார். பாயில் உட்கார அம்மா சிரமப்படுவதைக் கண்டு, கேட்காமலேயே ஒரு குட்டை நாற்காலி வந்தது. அம்மா இஞ்சித் துருவலைக் காட்டி, "இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?" என்று தமிழிலேயே கேட்டார். ஒரு கிண்ணம் நிறைய வந்தது! அந்த டிசம்பர் குளிரில் அம்மா அவ்வளவு ஆசையாகச் சாப்பிட்டதைப் பார்த்து எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

கிளம்பும்போது அந்தப் பெண்மணியின் கையில் பணம் கொடுக்க அம்மா துடித்தார், நான் தடுத்தேன். இங்கே டிப்ஸ் வழக்கம் இல்லை. கொடுத்தால் சங்கடப்படுவார்கள், மறந்து வைத்துவிட்டீர்கள் என்று பின்னால் ஓடிவந்து திருப்பித் தருபவர்களும் உண்டு. "கொச்சிசோசமா தெஷிதா" என்று தலை தாழ்த்திச் சொல்லுங்கள், அது போதும்.

இசகாயா மதுக்கூடங்களில், கேட்காத ஒரு சிறு தட்டு முதலில் வரும், பில்லில் சில நூறு யென் சேரும். அது ஒத்தோஷி என்ற வழக்கம், ஏமாற்று அல்ல. அதிலும் மீன் இருக்கலாம் என்பதால் உட்காரும்போதே கேட்டுவிடுங்கள்.

பெற்றோர் வந்தால் கோயாசான் மலைக்கு அழைத்துச் செல்லுங்கள். 816-இல் கூக்காய் துறவிக்கு அளிக்கப்பட்ட அந்த மலையில், கோயில் விடுதிகளில் தங்கி, பூண்டு வெங்காயம்கூடச் சேராத துறவிகளின் உணவைச் சாப்பிடலாம். எள்ளையும் கூட்ஸு என்ற கொடியின் கிழங்கு மாவையும் கிளறிச் செய்யும் கோமாதோஃபுவைத் தவறவிடாதீர்கள். இரவு உணவை அங்கே சீக்கிரமே பரிமாறிவிடுவார்கள். மாலை 5 மணிக்குள் போய்ச் சேருங்கள். அதற்குள் போக முடியாவிட்டால் முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். உங்கள் தலைகளை எண்ணித்தான் சமைக்கிறார்கள்.