கதவைத் தட்டிய அனுபவங்கள்: 2020 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு

குயின்ஸ், நியூயார்க்:

படிவம் அனுப்பாத வீடுகளுக்கு நேரில் போய் விவரம் வாங்கும் வேலை எனக்கு. யார் என்ன பதில் தந்தார்கள் என்று எழுத மாட்டேன். சேரும்போது எடுத்த உறுதிமொழி ஆயுள் முழுக்கச் செல்லும். மீறினால் 5 ஆண்டு வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம். கதவுக்கு இந்தப் பக்கம் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

முகக்கவசம், கழுத்தில் அடையாள அட்டை, கையில் அலுவலகம் தந்த ஐபோன். இந்தக் கோலத்தில் ஒருவன் வந்து மணி அடித்தால் யார்தான் திறப்பார்கள்? உள்ளே டிவி ஓடிக்கொண்டிருக்கும். மணிச் சத்தம் கேட்டதும் அடங்கிவிடும். நாட்டில் தங்க அனுமதிப் பேப்பர் இல்லாதவர்களுக்கு மட்டும்தான் பயம் என்றில்லை. அனுமதி வாங்காமல் வீட்டின் நிலவறையை (பேஸ்மெண்ட்) வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரருக்கும் அதே பயம்தான், நகராட்சி ஆள் என்று நினைத்து.

என்னிடம் அதிகம் பேர் கேட்டது, "சிட்டிசனா என்று கேட்பீர்களா?" என்பதுதான். படிவத்தில் அந்தக் கேள்வியே கிடையாது. 2018 மார்ச்சில் வணிகத்துறைச் செயலர் வில்பர் ராஸ் அதைச் சேர்க்கப் போவதாக அறிவித்தார். அவர் சொன்ன காரணம் நம்பும்படி இல்லையென்று 2019 ஜூனில் உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது. சேர்க்கப் போகிறார்கள் என்ற செய்தி பரவிய வேகத்தில், சேர்க்கவில்லை என்ற செய்தி பரவவில்லை. போதாக்குறைக்கு 2020 ஜூலையில் அதிபர் ட்ரம்ப், மக்கள்தொகைப்படி மாநிலங்களுக்குக் காங்கிரஸில் (அமெரிக்க நாடாளுமன்றத்தில்) இடம் பங்கிடும்போது ஆவணமில்லாதவர்களைக் கழித்துவிட வேண்டும் என்று உத்தரவிட்டார். அந்தச் சூட்டோடு நாங்கள் போய்க் கதவைத் தட்டுகிறோம்!

"உங்கள் விவரம் 72 ஆண்டுக்கு வெளியே போகாது" என்று ஒரு பெரியவரிடம் சொன்னேன். 1942-இல் ஜப்பானிய வம்சாவளியினரைப் பிடித்து முகாமில் அடைக்க இதே கணக்கெடுப்புத் தகவல் உதவியதே, அது என்ன கணக்கு என்றார். இப்போது சட்டம் கடுமையாக இருக்கிறது என்றேன். "அப்போதும் போரைக் காட்டிச் சட்டத்தைத் தளர்த்தித்தானே கொடுத்தார்கள்?" அதற்குமேல் சொல்ல, என் கையிலிருந்த பதில் குறிப்பு அட்டையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

எடிசன், நியூ ஜெர்சி:

யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எச்1பி வேலை விசாவில் வந்து, வருஷக்கணக்காக க்ரீன் கார்டு வரிசையில் நிற்கிறேன். விசா முடிந்தும் தங்கிவிட்டவர்களை எண்ணி, அந்தக் கணக்கில் ஒரு மாநிலத்துக்குக் காங்கிரஸில் கூடுதல் இடம் கொடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

குயின்ஸ், நியூயார்க்:

நண்பரே, நீங்களும் குடிமகன் இல்லை, ஓட்டும் இல்லை. உங்களையும்தான் எண்ணினார்கள். அரசியல் சாசனத்தின் 14-ஆவது திருத்தம் மாநிலத்தில் உள்ள மொத்த நபர்களை எண்ணச் சொல்கிறது, குடிமக்களை என்று சொல்லவில்லை. ட்ரம்ப் உத்தரவை எதிர்த்த வழக்கை உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில், இன்னும் காலம் கனியவில்லை என்று தள்ளிவிட்டது. அடுத்த மாதமே பைடன் பதவியேற்ற அன்று உத்தரவை ரத்து செய்தார். எங்கள் மாநிலம் ஓர் இடத்தை இழந்தது எத்தனை பேர் குறைந்ததால் தெரியுமா? 89 பேர்.

ஹூஸ்டன், டெக்சாஸ்:

89 பேர் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் 2022-இல் வந்த சரிபார்ப்பு ஆய்வில், நியூயார்க்கில் கூடுதலாகவே எண்ணிவிட்டதாகத் தெரிந்தது. விடுபட்டது எங்கள் பக்கம்தான், டெக்சாஸில் ஏறத்தாழ 2 விழுக்காடு. நாடு முழுக்கப் பார்த்தால் ஹிஸ்பானிக் (ஸ்பானிய மொழி வம்சாவளி) மக்களில் ஏறக்குறைய 5 விழுக்காடு கணக்கில் வரவில்லை. பெற்றோருக்குப் பேப்பர் இல்லையென்று, இங்கேயே பிறந்து குடியுரிமையோடு இருக்கும் பிள்ளையையும் சேர்த்து மறைத்துவிடுகிறார்கள்.

நம்மவர்களிலும் உண்டு. எங்கள் அபார்ட்மெண்டில் சேர்ந்து தங்கியிருந்த தமிழ்ப் பையன்களில் ஒருவனுக்கு மாணவர் விசா காலாவதியாகியிருந்தது. அவன் பெயரை மட்டும் விட்டுவிட்டுப் படிவத்தை நிரப்பினார்கள். தமிழிலேயே வழிகாட்டி இருக்கிறதே என்று எடுத்துக் காட்டினேன். "பாஷையா அண்ணே பிரச்சினை?" என்று சிரித்தான். சட்டவிரோதமாக இருப்பவர்களை எண்ணாத புதுக் கணக்கெடுப்புக்கு உத்தரவிட்டதாக 2025 ஆகஸ்டில் ட்ரம்ப் அறிவித்தார் அல்லவா, அந்தச் செய்தியை எனக்கு முதலில் அனுப்பியவனும் அவன்தான். "பாத்தீங்களா, நாங்க அப்பவே செஞ்சுட்டோம்" என்று கீழே எழுதியிருந்தான்.