வட்டாரத்துக் காசுக்கு யார் கையெழுத்து? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மூன்றாம் மாடி:
இங்கே சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கிலிருந்து பஸ் நிறுத்தம் வரை கூரை போட்ட நடைபாதை வேண்டுமென்று சில ஆண்டுகளுக்கு முன் அக்கம்பக்கத்தில் கையெழுத்து வாங்கினோம். மாமியார் சக்கர நாற்காலியில். மழை பிடித்தால் கிளினிக் போவது பெரும்பாடு. எம்பியின் மக்கள் சந்திப்புக்குப் போய் எண் வாங்கிக் காத்திருந்தேன். எங்கள் எம்பி எதிர்க்கட்சிக்காரர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாதாமாதம் நீங்கள் நகர மன்றத்துக்குக் கட்டும் பராமரிப்புக் கட்டணம் துப்புரவுக்கும் மின்தூக்கிக்கும் விளக்குக்கும் போகிறது. அதில் ஒரு பங்கை நீண்டகாலப் பழுதுபார்ப்பு நிதியில் ஒதுக்கியே ஆகவேண்டும், அதைத் தொட முடியாது. புது நடைபாதைக்கு சமூக மேம்பாட்டுத் திட்டப் பணம் வேண்டும், அது குடிமக்கள் ஆலோசனைக் குழு வழியாகப் போகும்" என்றார்.

அந்தக் குழு அரசு அமைப்பான மக்கள் கழகத்தின் கீழ் வருவது. எதிர்க்கட்சி வென்ற தொகுதியில் மக்கள் கழகத்தின் அடித்தள ஆலோசகர் எம்பி அல்ல, நியமிக்கப்பட்ட வேறொருவர். ஆகவே அதே மனுவை இன்னொரு இடத்திலும் கொடுத்தேன். அங்கும் மரியாதையாகத்தான் பேசினார்கள். நடைபாதை பிறகு வந்தது, மாமியார் அதற்கு முன்பே போய்விட்டார். ஓட்டுப் போட்டது ஒருவருக்கு, காசு கேட்டது வேறொருவரிடம். உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

ஜாலான் புசார் தாத்தா:
அம்மா, இந்தத் தீவில் ஒரு காலத்தில் நிஜமான நகராட்சியே இருந்தது. என் அப்பா முனிசிபலில் ரோட்டு வேலை பார்த்தவர். நம்மாட்கள் நிறையப் பேருக்கு அப்போது அதுதான் சோறு போட்டது. 1957 டிசம்பரில் சிட்டி கவுன்சிலுக்குத் தேர்தல். 32 இடம், எல்லாமே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவை. மக்கள் செயல் கட்சிக்கு 13தான் கிடைத்தது, இருந்தாலும் அவர்களுடைய ஓங் எங் குவான் மேயரானார். அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு சிட்டி ஹால் பக்கம் போனார். கூட்டத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் தலைகள்தான்.

அந்த கவுன்சிலுக்கு ஏன் அவ்வளவு பலம்? தண்ணீர், மின்சாரம், எரிவாயு மூன்றையும் அதுவே விற்றது. சொத்து வரியும் அதற்கே. சொந்த வருமானம் இருந்ததால் மேயரால் மேலே இருந்தவர்களோடு மல்லுக்கு நிற்க முடிந்தது. அதிகமாகவே நின்றார் என்பார் அப்பா. 1959-இல் சுயாட்சி வந்ததும் கவுன்சிலின் வேலைகளை அரசாங்கமே எடுத்துக்கொண்டது. தண்ணீரும் மின்சாரமும் எரிவாயுவும் 1963-இல் பொதுப் பயனீட்டுக் கழகத்துக்குப் போயின. இவ்வளவு சின்ன ஊருக்கு இரண்டு அரசாங்கம் எதற்கு என்ற கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. இன்று வட்டாரத்துக்கு ஒன்றாக உள்ள சமூக மேம்பாட்டு மன்றங்களுக்கு ஐந்து மேயர்கள் இருக்கிறார்கள், கடையில் செலவழிக்கும் பற்றுச்சீட்டு தருகிறார்கள். அவர்களை மேயராக நாம் தேர்ந்தெடுப்பதில்லை, நியமிக்கிறார்கள். நகர மன்றங்கள் 1988 சட்டத்தில் வந்தவை, எம்பிகளே நடத்துபவை. வரி போடும் அதிகாரம் அவற்றுக்குக் கிடையாது.

துவாஸ் தம்பி:
நான் ஒர்க் பெர்மிட்டில் இருக்கும் ஆள், புதுக்கோட்டைப் பக்கம். இங்கே பேச எனக்கு உரிமை இல்லை, ஊர்க்கதை சொல்கிறேன். எங்கள் சித்தப்பா 2019 கடைசியில் நடந்த தேர்தலில் ஊராட்சித் தலைவரானார். அதற்கு முன் மூன்று வருஷத்துக்கு மேல் தலைவரே இல்லை, 2016-இல் நடக்கவேண்டிய தேர்தல் கோர்ட்டு கேசு என்று இழுத்தது.

ஜெயித்து ஓரிரு வருஷத்தில் எனக்கு போன். சுடுகாட்டுப் பாதை மழைக்கு அறுத்துப் போச்சு, கணக்கில் பணம் கிடக்குது, ஆனா போட முடியலை என்றார். ஏன் என்று கேட்டால், மத்திய நிதிக்குழு மானியத்தில் பெரும்பங்கு குடிதண்ணீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிப்போட்டு வந்தது. 15-ஆவது நிதிக்குழு அதை 60 சதவீதம் ஆக்கிவிட்டது. மீதியில் தெருவிளக்கு, மோட்டார் ரிப்பேர் என்று ஏற்கெனவே ஆயிரம் வேலை. பாதைக்கு ஒன்றிய அலுவலகம், அங்கிருந்து கலெக்டர் அலுவலகம் என்று அலைந்தார். அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தம் 1993-இல் அமலுக்கு வந்து இத்தனை வருஷம் ஆகியும் நிலைமை இதுதான்.

இன்னொரு பக்கமும் சொல்லணும். எங்கள் ஊரில் வீட்டு வரி சொற்பம். அதையும் பாதிப் பேர் கட்டுவதில்லை. சித்தப்பாவும் கேட்கமாட்டார், அடுத்த தேர்தலில் ஓட்டு போயிடும் என்று பயம். வரி கட்டாதவன் கிராம சபையில் கணக்கும் கேட்கமாட்டான். மே தினத்தன்று கூட்டத்தை வீடியோ காலில் பார்த்தேன். தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆளாளுக்குக் கிளம்பினார்கள். மேலே இருப்பவன் கொடுக்கலை என்று நாம் கத்துவது சரிதான். நம்ம ஊர்ப் பணத்தை நாமே வசூல் பண்ணாமல் சுதந்திரம் மட்டும் வேணும்னா எப்படி? 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்தது, மறுபடி தனி அலுவலர் கைக்குப் போனது.

காஸ்வே பயணி:
தம்பி, உங்களுக்காவது தள்ளிப்போன தேர்தல். ஜொகூரில் வீடு, இங்கே வேலை எனக்கு. மலேசியாவில் உள்ளாட்சித் தேர்தலை 1965-இல் இந்தோனேசிய மோதலைக் காட்டி நிறுத்திவைத்தார்கள், 1976 சட்டத்தோடு கதை முடிந்தது. இத்தனைக்கும் அதை ஆராய்ந்த அரச ஆணையத்துக்குத் தலைவர் நம்ம ஆதி நாகப்பன். தேர்தல் வேண்டும் என்றுதான் அந்த ஆணையம் பரிந்துரைத்தது. ஜார்ஜ் டவுனின் முதல் மேயர் டி. எஸ். ராமநாதன் என்பது எங்கள் பிள்ளைகளுக்கே தெரியாது. பினாங்கு அரசு தேர்தலைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தது, 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் முடியாது என்றுவிட்டது.

நாங்கள் வருஷத்துக்கு இரண்டு தடவை சுக்காய் பிந்து என்னும் வீட்டு வரி கட்டுகிறோம், தவறினால் நோட்டீஸ். பின்பக்கச் சாக்கடை அடைத்து வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது எங்கள் பகுதி கவுன்சிலரைத் தேடிப் போனேன். கட்சி நியமித்தவர். நல்ல மனுஷன், தேநீர் கொடுத்தார். "அடுத்த வருஷம் நானே இருப்பேனா தெரியாது ஐயா" என்றார். வரி கட்டினால் கேள்வி கேட்கலாம் என்கிறீர்களே, யாரிடம் கேட்க?

வடமராட்சிப் பெடியன்:
இலங்கையில எங்கட பிரதேச சபைகளின்ர காலம் 2023 மார்ச்சோட முடிஞ்சது. தேர்தலுக்குத் திறைசேரி காசு விடேல்லை, அவ்வளவுதான். உச்ச நீதிமன்றம் 2024-இல அது அடிப்படை உரிமை மீறல் எண்டு தீர்ப்புச் சொல்லி, பிறகு 2025 மே மாசம்தான் வாக்குப் போட்டம். அந்த இடைக்காலத்தில குப்பை அள்ள ஆள் வரேல்லை எண்டு அம்மா சபைக்குப் போனவா. செயலாளர்தான் எல்லாம், தவிசாளர் இல்லை எண்டு திருப்பி அனுப்பினவை.

கணக்குப்பிள்ளை:
எல்லாரும் சுதந்திரம் சுதந்திரம் என்கிறீர்கள். 2008-இல் லேமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க வங்கி விழுந்தபோது நம் நகர மன்றங்கள் சிலவற்றின் நிதியும் அந்த வகை முதலீடுகளில் மாட்டியிருந்தது. அப்போது பக்கத்து வீட்டு அங்கிள், "என் லிஃப்ட் மாற்றுகிற காசை இவர்கள் எங்கே கொண்டுபோய்ப் போட்டார்கள்" என்று கொதித்தார். 2017-இல் சட்டம் திருத்தித் தேசிய வளர்ச்சி அமைச்சுக்கு மேற்பார்வை அதிகாரத்தைக் கூட்டினார்கள், மின்தூக்கி மாற்றத் தனி நிதியும் கட்டாயம் ஆனது. என் தொழில் கணக்கு, எனக்கு அந்தக் கட்டுப்பாடு பிடித்திருக்கிறது. பழைய காசைப் பூட்டி வைப்பது சரி. புது நடைபாதைக்கான காசு ஓட்டு வாங்காதவர் வழியாகப் போவதுதான் உறுத்துகிறது. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசாதீர்கள். மன்றத்தின் தணிக்கை செய்த கணக்கு ஆண்டுதோறும் நாடாளுமன்றத்துக்குப் போகிறது, இணையத்திலும் படிக்கலாம். படித்தவர்கள் யாராவது உண்டா இங்கே?

மூன்றாம் மாடி:
நேற்று ராத்திரி எங்கள் மன்றத்தின் அறிக்கையைத் திறந்தேன். அரசாங்க மானியத்தை எடுத்துவிட்டால் வருஷம் பற்றாக்குறையில் முடிந்திருக்கும்போல் இருக்கிறது. இது எனக்குத் தெரியாது. துவாஸ் தம்பி, ஒரு சந்தேகம். உங்கள் ஊரில் செக்கில் தலைவர் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதுமா?

துவாஸ் தம்பி:
போதாது அக்கா, துணைத்தலைவரும் போடணும். பக்கத்து ஊராட்சியில் தலைவர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கீடு. துணைத்தலைவர் மேல்தெரு ஆள், மாசக்கணக்கில் கையெழுத்துப் போடலை. தண்ணித்தொட்டி ஆளுக்குச் சம்பளம் நின்னுபோச்சு. அந்தம்மா கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்துட்டு அங்கேயே உட்கார்ந்துட்டாங்க. மேலூர்ப் பக்கம் மேலவளவில் 1997-இல் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஊராட்சித் தலைவர் முருகேசனை வெட்டியே கொன்றார்கள். அதனால்தான் எங்க ஊரில் அதிகாரம் எல்லாம் கீழேயே இருக்கட்டும்னு யாராவது சொன்னா, கீழேன்னா யாருன்னு நான் முதல்ல கேட்பேன். அந்தம்மாவுக்கு அன்னைக்குக் கலெக்டர்தான் கைகொடுத்தார்.