பனங்கைச் சிராய் விரலுக்குள் ஒடிந்து நிற்கிறது: வீட்டிலேயே எடுக்கலாமா, மருத்துவரிடம் போக வேண்டுமா?

கேள்வி

எங்கள் ஊர் இராமநாதபுரம் மாவட்டத்தில் உள்ள ஒரு சிற்றூர். கடந்த ஞாயிற்றுக்கிழமை பழைய ஓட்டு வீட்டின் கூரையைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, என் தந்தையாரின் வலது ஆள்காட்டி விரல் நுனியில், நகத்துக்கு எதிர்ப்பக்கமுள்ள சதையில், ஓட்டைத் தாங்கும் பனஞ்சட்டமான பனங்கையிலிருந்து கருப்புச் சிராய் ஒன்று ஏறிவிட்டது. என் அப்பத்தா ஊக்கால் தோலைக் கிளறிப் பாதியை எடுத்துவிட்டார். மீதி உள்ளே ஒடிந்துகொண்டது. அதன் மேல் முதல் நாள் எருக்கம்பால் வைத்தார், மறுநாள் வெல்லத்தையும் சுண்ணாம்பையும் குழைத்துப் பூசினார்.

இன்று நான்காம் நாள். விரல் நுனி தடித்துப் பளபளப்பாக இருக்கிறது, தொட்டால் சுடுகிறது, நேற்று இரவு 'விண் விண்' என்று தெறித்ததால் தந்தையார் தூங்கவேயில்லை. காய்ச்சல் இல்லை. அவருக்கு வயது 58. ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். டிடி ஊசி எப்போது போட்டார் என்று அவருக்கே நினைவில்லை. 'பழுத்தால் சீழோடு தானாக வெளியே வந்துவிடும், இரண்டு நாள் பொறு' என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். மருந்துக் கடையில் இரண்டு நாளுக்கு மாத்திரை கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்டும் வலி குறையவில்லை. பொறுத்துப் பார்க்கலாமா, அல்லது நானே ஊசியால் திறந்து எடுக்கலாமா? மருத்துவமனைக்குப் போவதென்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டியிருக்குமா?

மறுமொழி 1: ஓய்வுபெற்ற செவிலியர்

தயவுசெய்து பொறுத்துப் பார்க்க வேண்டாம். நீங்களே திறக்கவும் வேண்டாம். இன்றே, பொழுது சாய்வதற்குள், அறுவை சிகிச்சைப் பிரிவு உள்ள அரசு மருத்துவமனைக்கு உங்கள் தந்தையாரை அழைத்துச் செல்லுங்கள். முப்பத்தொரு ஆண்டுகள் கட்டு மாற்றும் அறையில் நின்றவள் என்ற முறையில் இதை அழுத்தமாகச் சொல்கிறேன்.

விரல் நுனியின் சதை தொடைச் சதையைப் போலத் தளர்வானது அன்று. தோலிலிருந்து எலும்பு வரை போகும் நார்ச்சுவர்கள் அதைச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்து வைத்திருக்கின்றன. அங்கே சீழ் கோத்தால் அது பரவி வெளியே வர இடமில்லாமல் உள்ளுக்குள்ளேயே அழுத்தம் ஏறுகிறது. இரவில் தெறிக்கும் அந்த வலி அதன் அடையாளம்தான். அழுத்தம் ஏற ஏற இரத்த ஓட்டம் குறைந்து, சதை அழுகி, அடியிலுள்ள எலும்பு வரை சீழ் பிடிக்கலாம். முதுகிலோ தொடையிலோ வரும் கட்டி பழுத்து உடைவதைப் பார்த்த பழக்கத்தில் விரல் நுனியும் அப்படியே உடையும் என்று பெரியவர்கள் நினைப்பதைப் புரிந்துகொள்கிறேன். ஆனால் இந்த இடத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

இன்னொன்றையும் உடனே பாருங்கள். விரல் முழுவதும் தடித்திருக்கிறதா, சற்று மடங்கிய நிலையிலேயே நிற்கிறதா, நீங்கள் மெல்ல நிமிர்த்தினால் உயிர்போகும்படி வலிக்கிறதா, உள்ளங்கைப் பக்கமாக விரலின் நீளம் நெடுகத் தொட்டால் வலிக்கிறதா? இவை இருந்தால் விரலை மடக்கும் தசைநாண் ஓடும் உறைக்குள் சீழ் இறங்கியிருக்கலாம். அது சில மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டிய அவசரம். 108 ஐ அழைக்கத் தயங்காதீர்கள். அதுபோலவே கையில் மேல்நோக்கிச் சிவப்புக் கோடு ஓடுவது, அக்குளில் நெறி கட்டுவது, குளிரோடு காய்ச்சல் வருவது ஆகியவற்றில் எது தோன்றினாலும் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். நம்முடைய நிறத்தில் சிவப்பு பல நேரம் கண்ணுக்குத் தெரியாது. ஆகையால் புறங்கையால் தொட்டுச் சூட்டைப் பாருங்கள்; மற்றக் கையின் அதே விரலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சர்க்கரை நோய் இருப்பதால் ஆபத்து இரட்டிப்பாகிறது. சர்க்கரை கூடினால் சீழ் வேகமாகப் பரவும். சீழ் இருந்தால் சர்க்கரை இன்னும் கூடும். காய்ச்சல் இல்லை என்பதை வைத்து மனத்தைத் தேற்றிக்கொள்ள வேண்டாம். சர்க்கரை நோயாளிகள் பலருக்குப் புண் முற்றிய பிறகும் காய்ச்சல் காட்டாது.

எக்ஸ்ரே பற்றிக் கேட்டிருந்தீர்கள். இரும்புத் துண்டும் பெரும்பாலான கண்ணாடித் துண்டுகளும் அதில் தெரியும். மரச் சிராய் பெரும்பாலும் தெரியாது. எலும்பு பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்காக மருத்துவர் எடுக்கச் சொல்லலாம். ஆனால் 'எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, ஆகவே உள்ளே ஒன்றும் இல்லை' என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பனஞ்சிராய் பாதி ஒடிந்தது என்பதை நீங்கள் வாயைத் திறந்து சொல்லுங்கள். ஸ்கேன் கருவியால், அதாவது கர்ப்பிணிகளுக்குப் பார்க்கும் அதே ஒலியலைக் கருவியால், மரத்துண்டைப் பார்க்க முடியும். வெளியே வந்த பாதியை எறியாமல் வைத்திருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள்.

டிடி ஊசியைப் பற்றி நம் ஊர்களில் இரண்டு தவறான எண்ணங்கள் ஊறிக் கிடக்கின்றன. ஒன்று, ஒவ்வொரு ஆறு மாதத்துக்கும் போட வேண்டும் என்பது. சிறு வயதில் முழுமையாகத் தடுப்பூசி போட்டவருக்கு, சுத்தமான சிறு காயமென்றால் 10 ஆண்டும், மண்ணோ சாணமோ அழுக்கோ பட்ட காயமென்றால் 5 ஆண்டும் கடந்திருந்தால்தான் மறுபடி தேவைப்படும். மற்றொன்று, ஊசி போட்டுவிட்டால் புண் சீழ் பிடிக்காது என்பது. அந்த ஊசி டெட்டனஸ் எனும் இரணஜன்னியை மட்டுமே தடுக்கும். சீழுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இப்போது தொண்டை அடைப்பானுக்கான தடுப்பும் சேர்ந்த ஊசியைத்தான் போடுகிறார்கள். உங்கள் தந்தையாருக்கு எப்போது போட்டது என்று நினைவில்லாததால் இன்று போட்டுக்கொள்வதே சரி. நான்கு நாள் ஆகிவிட்டது, இனிப் போட்டு என்ன பயன் என்று நினைக்க வேண்டாம். இரணஜன்னி பெரும்பாலும் 3 முதல் 21 நாளுக்குள் தலைகாட்டும். சிறு வயதில் தடுப்பூசியே போடாதவர் என்றால் அதையும் சொல்லுங்கள். தடுப்பூசியோடு உடனடியாக வேலை செய்யும் இன்னொரு மருந்தும் அவருக்குத் தேவைப்படலாம்.

கிளம்பும் முன், அந்தக் கையில் மோதிரம் இருந்தால் இப்போதே சோப்பு நுரை தடவிக் கழற்றிவிடுங்கள். வீக்கம் கூடினால் பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். ஓடும் நீரில் சோப்பால் சுண்ணாம்புப் பூச்சைக் கழுவிவிட்டுச் சுத்தமான துணியால் தளர்வாகச் சுற்றி, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். பிதுக்க வேண்டாம். எருக்கம்பால் தோலைப் புண்ணாக்கும். கண்ணில் பட்டால் கருவிழியைக் கெடுக்கும். சுண்ணாம்பு காரம், அது தோலை வேகவைக்கும். வெந்த தோல் உரிவதைத்தான் 'மருந்து முள்ளை மேலே இழுக்கிறது' என்று நம்பிவிடுகிறோம். அப்பத்தா அன்பினால் செய்ததை நான் குறை சொல்லவில்லை. மருந்துக் கடையில் கொடுத்த மாத்திரைகளின் அட்டையை மட்டும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

மறுமொழி 2: தச்சுவேலை செய்பவர்

தம்பி, செவிலியர் அம்மா சொன்னதை முதலில் செய்யுங்கள். நான் எழுதுவது உங்கள் தந்தையாருக்காக அன்று. கூரை பிரிக்கும் வேலை இன்னும் மீதி இருக்கும், அடுத்தவர் கையிலும் ஏறும், அதற்காக எழுதுகிறேன்.

இருபத்தாறு ஆண்டாக மரத்தோடு இருக்கிறேன். தேக்குச் சிராய் மேலாக ஏறும், எளிதாக வரும். மூங்கில் கத்தியைப் போல இறங்கும். பனையில் கருப்பாக ஓடும் வைரநார்தான் எல்லாவற்றையும்விடக் கடினமானது. ஊசியைப் போலக் குத்தும், ஆனால் குறுக்கே இழுத்தால் படக்கென்று ஒடியும். உங்கள் வீட்டில் நடந்ததும் அதுதான்.

சிராய் ஏறிய முதல் ஒரு மணி நேரத்தில், நுனி வெளியே தெரிந்தால், வீட்டிலேயே எடுக்கலாம். கையையும் காயத்தையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஆனால் தண்ணீரில் நெடுநேரம் ஊறப்போடாதீர்கள், மரம் நீர் குடித்து ஊதினால் நார் நாராகப் பிரிந்துவிடும். முள்வாங்கியையும் புதிய ஊசியையும் பத்து நிமிடம் கொதிக்க வையுங்கள், அல்லது ஸ்பிரிட்டால் துடையுங்கள்; விளக்கில் காட்டினால் கரி படிந்து, அந்தக் கரி காயத்துக்குள் போகும். நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து, டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். சிராய் எந்தத் திசையில் படுத்திருக்கிறது என்பது நிழலில் தெரிந்துவிடும். எந்தச் சாய்வில் ஏறியதோ அதே சாய்வில் பின்னோக்கி இழுக்க வேண்டும். முழுவதும் தோலுக்கடியில் கிடந்தால், சிராயின் நீளவாக்கில் மேல்தோலை மட்டும் ஊசியால் மெல்லக் கீறிவிட்டு, தலைப்பகுதியை நெம்பிப் பிடியுங்கள். மேல்தோலின் மேலடுக்கில் வலியும் இல்லை, இரத்தமும் இல்லை. இரத்தம் கசிந்தால் போக வேண்டிய ஆழத்தைத் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம், அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பத்து நிமிடத்தில் வராதது அரை மணி நேரம் கிளறினாலும் வராது, புண்தான் பெரிதாகும். எடுத்த பிறகு மறுபடி கழுவி, பெட்டாடின் தடவி, ஒரு நாள் மூடி வைத்தால் போதும்.

நகத்துக்கு அடியில் ஆழமாக ஏறியது, மூட்டுக்கு மேல் குத்தியது, கண்ணில் பட்டது, பெரிய துண்டாகச் செருகி நிற்பது ஆகிய எதையும் நான் தொடுவதில்லை. கண்ணில் பட்டதையும் செருகி நிற்பதையும் பிடுங்கக்கூடக் கூடாது. அசையாமல் வைத்து அப்படியே கொண்டுபோக வேண்டும். பனங்கை தூக்குகிறவர்களுக்குத் தோல் கையுறை வாங்கிக் கொடுங்கள். கொத்தனார் போடும் ரப்பர் உறையைப் பனஞ்சிராய் துளைத்துவிடும்.

மறுமொழி 3: மதுரைப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண்

வலிக்கிற காயத்துக்காவது மருத்துவமனைக்குப் போகிறோம். வலிக்காத காயம் எங்கள் சித்தப்பாவை எட்டு ஆண்டுகள் அலைக்கழித்ததால் இதை எழுதுகிறேன்.

வெறுங்காலோடு வரப்பில் நடந்தபோது கருவேல முள் உள்ளங்காலில் தைத்து ஒடிந்தது. இரண்டு வாரத்தில் புண் ஆறிவிட்டது. சில மாதங்களுக்குப் பிறகு அதே இடத்தில் கல்லைப் போல ஒரு கட்டி எழும்பியது. வலி இல்லாததால் அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. பின்பு கட்டியில் துளைகள் விழுந்து, நீரோடு கடுகு போன்ற கருப்பு மணிகள் வரத் தொடங்கின. அருகிலிருந்த ஒரு மருத்துவமனையில் சாதாரணச் சீழ்க்கட்டி என்று மூன்று முறை கீறிவிட்டார்கள். கடைசியில் வேறொரு மருத்துவர் அந்த மணிகளைப் பரிசோதனைக்கு அனுப்பி, இது மதுரைக்கால் என்று சொன்னார்.

எங்கள் ஊர்ப் பெயரிலேயே இந்த நோய் இருப்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மதுரை மருத்துவசாலையில் 1842 இல் கில் என்ற மருத்துவர் இதைப் பதிவு செய்ததிலிருந்து அந்தப் பெயர் நிலைத்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2016 இல்தான் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. மண்ணிலும் முள்ளிலும் இருக்கும் பூஞ்சையோ ஒருவகைக் கிருமியோ காயத்தின் வழியே உள்ளே போய் ஆண்டுக்கணக்கில் வளர்கிறது. பூஞ்சைக்கு ஒரு மருந்து, கிருமிக்கு வேறு மருந்து என்பதால் எது என்று கண்டுபிடிக்காமல் மாத்திரை விழுங்கிப் பயனில்லை. சித்தப்பாவுக்கு ஓராண்டுக்கு மேல் மருந்தும் ஓர் அறுவையும் தேவைப்பட்டன, கால் தப்பியது. இது அரிதாகத்தான் வருகிறது. ஆனாலும் முள் தைத்து ஆறிய இடத்தில் மாதங்கள் கழித்து வலியில்லாத கட்டி வந்தால், அந்தப் பழைய முள்ளைப் பற்றி மருத்துவரிடம் சொல்லுங்கள். சித்தப்பா அதை யாரிடமும் சொல்லவேயில்லை.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலையே அழைத்துச் சென்றோம். இரத்தச் சர்க்கரை 312 இருந்தது. எக்ஸ்ரேயில் எலும்புக்குப் பாதிப்பு இல்லை, சிராயும் தெரியவில்லை. செவிலியர் அம்மா சொன்னபடி பனஞ்சிராய் ஒடிந்ததைச் சொன்னதும் ஸ்கேன் செய்து பார்த்தார்கள். விரலை மரத்துப்போகச் செய்து, சீழை வடித்து, நெல்மணி நீளத்துக்கு ஒரு துண்டை எடுத்தார்கள். தடுப்பூசியும் போட்டார்கள். தந்தையார் நேற்று இரவு நன்றாகத் தூங்கினார். காயத்தைத் தைக்காமல் திறந்தே விட்டிருக்கிறார்களே, அது சரிதானா?

மறுமொழி: ஓய்வுபெற்ற செவிலியர்

மிகவும் நிம்மதியாக இருக்கிறது. சீழ் வடித்த காயத்தைத் தைக்க மாட்டார்கள். தைத்தால் மீதிச் சீழ் உள்ளேயே அடைபடும். அடியிலிருந்து மேலே தானாகத் தூர்ந்து வரட்டும். அவர்கள் சொன்ன நாளில் கட்டு மாற்றுங்கள், வலி போய்விட்டது என்று மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள், சர்க்கரை அளவை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பாருங்கள். விரலை எப்போதிலிருந்து மடக்கி நீட்ட வேண்டும் என்று அடுத்த முறை கேட்டுவிடுங்கள். பயந்து அசைக்காமலே வைத்திருந்தால் விரல் விறைத்துப்போகும். 312 என்ற அளவு இந்தச் சீழால் மட்டும் வந்ததா என்பதும் புண் ஆறிய பின் தெரிய வேண்டும். மூன்று மாதச் சராசரி காட்டும் பரிசோதனை ஒன்றைச் செய்துகொள்ளச் சொல்லுங்கள். புண் ஏதும் இருக்கிறதா என்று அவருடைய பாதங்களையும் ஒருமுறை வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள்.